ஒருத்தருக்குத் தாய்லாந்தா, ஒன்பது பேருக்கு மூணாறா?

போன வாரம் ஒரு தோழி போன் செய்தாள். அவளும் என்னைப் போலவே காலை நேர ஃபிட்னஸ் கிளப் நடத்துகிறவள். கீழே பதினைந்து இருபது கோச்சுகள் இருக்கிறார்கள், எல்லோரும் நேரடி விற்பனைக்காரர்கள், ஷேக்கும் புரோட்டீன் பவுடரும் கொடுத்து, விடியற்காலையில் ஆட்களை எழுப்பிக் குனிந்து நிமிர வைத்து, வாரம் ஒருமுறை வெயிட் பார்த்து, வந்தவர்கள் ஓடிவிடாமல் பிடித்து வைத்திருக்கிறவர்கள். மூன்று மாதமாக டீம் தூங்குகிறது, போட்டி ஒன்று வைத்து டூர் பரிசு அறிவிக்கலாம் என்றிருக்கிறேன், கையில் 75,000 ரூபாய் இருக்கிறது, ஜெயிக்கிற ஒருத்தரைத் தாய்லாந்து அனுப்பவா, எல்லோரையும் மூணாறு கூட்டிப்போகவா, பேசாமல் பணமாகவே கொடுத்துவிடவா என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசினேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம், அவளுக்குக் குழப்பம் கூடியதே தவிர குறையவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

மூன்றையும் நான் செய்து பார்த்துவிட்டேன், அதுவும் சொந்தக் காசில். எங்கள் கிளப் திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஓடுகிறது, ஷீட் போட்ட கூரை, காலை 5.30-க்கு மிக்சி சத்தம் ஆரம்பித்தால் எட்டு மணிக்குத்தான் நிற்கும். டீமில் 14 கோச்சுகள், அதில் 11 பேர் பெண்கள். பாதிப் பேர் ஒரு காலத்தில் செக்கிங், பேக்கிங் என்று பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், குழந்தை பிறந்ததும் நின்றவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்தப் பரிசு வேலை செய்யும் என்பது ஊரைவிட டீமில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையில் ஜிம் ட்ரெய்னர் பையன்களை வைத்து டீம் நடத்துகிறவருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

முதலில் தாய்லாந்து. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அந்த நாடு தளர்த்தியதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, ஏறக்குறைய 90 நாள் போட்டி, அதிகம் விற்கிற ஒருவருக்கு நான்கு இரவு பாங்காக், பட்டாயா. ஒரு ஆளுக்கு 60,000 ஆகும் என்று ஏஜென்ட் சொன்னார். குரூப்பில் யானையும் கடற்கரையும் இருக்கிற போஸ்டரைப் போட்டதும் ஒரே நாளில் நூறு மெசேஜ். எல்லோர் ஸ்டேட்டஸிலும் யானை.

நான்காவது வாரம் குரூப்பில் நீல டிக் மட்டும்தான் வந்தது. ஏனென்று அப்போது புரியவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, ஏனென்றால் இது கணக்குத் தெரிந்த குழந்தைக்குக்கூடப் புரியும்: மூன்றாவது வாரமே இரண்டு பேர் வெகு தூரம் முன்னால் போய்விட்டார்கள், மீதிப் பன்னிரண்டு பேருக்கும் தாங்கள் ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது, தெரிந்தபின் எவளாவது அந்த வெயிலில் ஃபாலோ-அப்புக்கு அலைவாளா? போட்டி இல்லாத மாதத்தில் சும்மா எட்டு பத்து வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட, ‘அதான் அவங்க போகப்போறாங்களே’ என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். டீமை எழுப்ப வைத்த போட்டி டீமில் பன்னிரண்டு பேரைத் தூங்க வைத்தது.

அதுகூடப் பரவாயில்லை. ஜெயித்த அக்காவைப் பாராட்ட மாலையும் ஸ்வீட் பாக்ஸுமாக (ஆமாம், வெயிட் குறைக்கிற டீம், மைசூர்பாகு) அவர் வீட்டுக்குப் போனோம். உட்கார நாற்காலி பற்றாமல் நான் கட்டிலில் உட்கார்ந்தேன், கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் பிரிக்காத டப்பாக்கள் வரிசையாக, சுவர் வரைக்கும். நாற்பதுக்குக் குறையாது. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். செயினை அடகு வைத்து கடைசி இருபது நாளில் சரக்கைத் தானே எடுத்திருக்கிறார், இரண்டாவது இடத்தில் இருந்த பொண்ணு நெருங்கி வருகிறாள் என்ற பயத்தில். அதற்கப்புறம் இன்னொன்று: டூருக்கு அவர் போகவே இல்லை. வீட்டுக்காரர் ‘ஒத்தைப் பொம்பளையா ஃபாரின் எல்லாம் வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், பாஸ்போர்ட்டும் கிடையாது. கடைசியில் டிக்கெட் போடாமல் மிச்சமிருந்த காசைக் கையில் கொடுத்தேன், அவர் அதைக் கொண்டுபோய் செயினை மீட்டார். இரண்டாவது வந்த பொண்ணுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தேன். அவள் அடுத்த மாதமே வேறு டீமுக்குப் போய்விட்டாள், ஷீல்டை எங்கள் கிளப் ஜன்னலிலேயே வைத்துவிட்டு.

ஆக, ஒருவருக்குப் பெரிய டூர் என்பதை நான் முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஏறக்குறைய சம பலத்தில் மூன்று நான்கு பேர் இருக்கிற சின்ன டீம், எல்லோரிடமும் பாஸ்போர்ட், வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை என்றால் அது நன்றாகவே ஓடும். எங்கள் 14 பேரில் பாஸ்போர்ட் இருந்தது 3 பேரிடம். நான் அதைப் போட்டி அறிவிக்கும் முன் கேட்டிருக்க வேண்டும், யானைப் போஸ்டர் போட்டபின் அல்ல. புது பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம், அது பெரிய காசில்லை, ஆனால் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வீட்டுக்கு ஆள் வருவதே எங்கள் தெருவில் ஒரு வாரச் செய்தி.

அப்புறம் பணம். 2024-ல் தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதம் வைத்தேன். அறிவிப்பதற்கு முன் டீமில் கேட்டேன், டூர் வேண்டுமா பணம் வேண்டுமா என்று, 11 பேர் பணத்துக்குக் கை தூக்கினார்கள். சரி, ஜனங்கள் கேட்பதைக் கொடுப்போம் என்று டார்கெட் எட்டுகிற எல்லோருக்கும் ஆளுக்கு 5,000 என்று வைத்தேன். எட்டு பேர் எட்டினார்கள், அதாவது எண்ணிக்கையில் தாய்லாந்தைவிட எவ்வளவோ தேவலாம். ஆனால் அந்த 5,000 எங்கே போனது என்று கேட்டால் ஒருத்தருக்கும் நினைவில்லை. குழு லோன் தவணை, பையனின் டியூஷன் பாக்கி, கேஸ் சிலிண்டர். ஒருத்தர் மட்டும் சீட்டுக்குக் கட்டினேன் என்றார். தீபாவளி முடிந்த மறுவாரம் கிளப்பில் அந்தப் போட்டியைப் பற்றி ஒரு பேச்சில்லை, ஒரு போட்டோ இல்லை, அடுத்த போட்டி எப்போது என்று கேட்பாரில்லை. பணம் கொடுத்தால் அது சம்பளத்தோடு கலந்துவிடுகிறது, அடுத்த முறை கொடுக்காவிட்டால் சம்பளத்தைக் குறைத்த மாதிரி முகம் சுருங்குகிறது.

இதை எழுதும்போதே ஒரு விஷயம் நெருடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தவணை கட்டத் திணறுகிறவளிடம் பணத்தைவிட அனுபவம் உயர்ந்தது என்று பாடம் எடுக்கிற அருகதை யாருக்கும் கிடையாது. உங்கள் டீமில் பெரும்பாலோர் மாதம் நான்காயிரம் ஐந்தாயிரத்துக்குத்தான் சம்பாதிக்கிறார்கள் என்றால் டூர் கனவெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள், அதுதான் மரியாதை. எங்கள் டீம் 2025-ல் அந்த இடத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அதனால்தான் மூன்றாவது வழிக்குப் போனேன்.

தோழி தங்கக் காசு பற்றியும் கேட்டாள். தங்கம் விற்கிற விலையில் ஆளுக்கு அரை கிராம்கூடத் தேறாது, பீரோவுக்குள் போனால் வெளியே வராது. குலுக்கல் வேண்டவே வேண்டாம். 2003-லேயே லாட்டரியை ஒழித்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு கஷ்டப்பட்டவளை விட்டுவிட்டு அதிர்ஷ்டக்காரிக்குப் பரிசு கொடுத்தால் டீமில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

நமக்குச் சரக்கு தருகிற கம்பெனியே வைக்கிற டூர் போட்டியில் சேர்த்துவிட்டுச் சும்மா இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு, செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் கீழ் டீம், அதாவது ஒருவருக்குக் கீழே சேர்ந்தவர்கள், மொத்தமாக விற்றதை வைத்து நடப்பது, புது கோச்சுக்கு அது எட்டாக் கனி. தவிர வரி. 2022 ஜூலை 1-லிருந்து வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்று ஒரு பிரிவு வந்தது. தொழில் சம்பந்தமாக ஒருவருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் சலுகையோ பரிசோ பொருளாகக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே கழிக்கிற வரி, பிடித்தாக வேண்டும், பான் இல்லையென்றால் 20 சதவீதம். டூரில் பிடிக்க என்ன இருக்கிறது, பாதி பீச்சையா வெட்டி எடுக்க முடியும்? அதனால் ஒரு லட்ச ரூபாய் டூர் ஜெயித்தவரிடம் ‘பத்தாயிரம் கட்டுங்கள், டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று கேட்பார்கள், இல்லையென்றால் கம்பெனி தானே கட்டும். வருமானம் வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் எங்கள் டீமில் ரிட்டர்ன் போடுகிறவர்கள் நான்கு பேர். என்னை மாதிரி முந்தைய வருடத்தில் தொழில் விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டாத தனிநபர் இந்த டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை, ஆனாலும் வாங்கினவர் கணக்கில் அது வருமானம்தான். பெரிய பரிசு அறிவிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மூணாறு.

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, எட்டு வாரப் போட்டி. 90 நாள் வேண்டாம் என்று முடிவெடுத்தேன், அதில் நடுவில் ஒரு மாதம் செத்துப்போய்விடுகிறது. பொங்கலுக்கு அப்புறம் வைத்ததற்குக் காரணம் மார்கழிக் குளிரில் ஐந்தரைக்கு ஆள் வருவதில்லை, பங்குனி பிறந்துவிட்டால் கோவில் நோன்பி, பிள்ளைகளுக்குப் பரீட்சை. தீபாவளிக்கு முன்னால் என்றால் திருப்பூரில் எல்லோரும் இரவு ஷிஃப்டில் இருப்பார்கள், போனஸ் வாங்கி ஊருக்குப் போனால் பத்து நாள் தலை காட்டமாட்டார்கள். உங்கள் ஊர் நாள்காட்டி உங்களுக்குத்தான் தெரியும்.

விற்பனையை எண்ணவில்லை. இதுதான் பெரிய மாற்றம். ஒரு கோச்சின் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு வாரத்தில் நான்கு நாள் கிளப்புக்கு வந்தால் அந்தக் கோச்சுக்கு ஒரு புள்ளி. வாரத்துக்கு அதிகபட்சம் 6 புள்ளி, பத்து பேர் வந்தாலும் ஆறுதான். 30 புள்ளி எடுத்தால் மூணாறு. முதல் நாளே எல்லோருக்கும் 4 புள்ளி இலவசம். முதல் மூன்று வாரம் ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடந்தவள்கூட நான்காவது வாரம் முழித்துக்கொண்டால் மீதி ஐந்து வாரத்தில் 30 எடுத்து, அந்த நாலோடு தாண்டிவிடலாம். தாய்லாந்தில் மூன்றாவது வாரமே கதவு சாத்தியாகிவிட்டது, இதில் அந்த வாரத்தில்கூடக் கதவு திறந்திருந்தது.

அந்த இலவச 4 என் மூளையில் உதித்ததில்லை. ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் கடையில் செய்து பார்த்து 2006-ல் வெளியிட்டது. 300 பேருக்கு கார்டு கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை வாங்கினால் ஒரு வாஷ் இலவசம், மீதிப் பாதிக்குப் பத்து முத்திரை, ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்திக் கொடுத்தது. இரண்டிலும் எட்டு முறைதான் வரவேண்டும். வெறும் கார்டு வாங்கியவர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டு குத்திய கார்டு வாங்கியவர்களில் 34 சதவீதம். பாதியில் இருக்கிற வேலையை விட மனசு வராது, அவ்வளவுதான். நம் வீட்டில் பாதி போட்ட கோலத்தை யார் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்?

வருகையை எண்ணியதால் கட்டிலுக்கடியில் டப்பா அடுக்குவதும் நின்றது, ஏனென்றால் டப்பா ஐந்தரைக்கு எழுந்து வந்து குதிக்காது. புது ஆளைக் கம்பெனியில் விற்பனையாளராக ஐடி போட்டுச் சேர்த்ததற்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. இதில் சட்டமும் இருக்கிறது: 2021 டிசம்பர் 28-ல் வந்த நேரடி விற்பனை விதிகள், ஆளைச் சேர்ப்பதற்கே பலன் கொடுக்கிற பிரமிடு மாதிரித் திட்டங்களைத் தடை செய்கின்றன, 1978-லிருந்து இருக்கிற பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் வேறு. அமெரிக்காவில் 2016-ல், ஷேக் விற்கிற நேரடி விற்பனைக் கம்பெனி ஹெர்பாலைஃப் 20 கோடி டாலர் கட்டி அரசோடு உடன்பாட்டுக்கு வந்ததும் இந்த விஷயத்தில்தான், பலன் என்பது உண்மையான வாடிக்கையாளருக்கு விற்றதை வைத்து இருக்க வேண்டும், ஆள் சேர்த்ததை வைத்து அல்ல என்று. நான் நடத்துவது ஒரு சின்ன மொட்டைமாடிப் போட்டிதான், ஆனால் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் டீம் செய்யும், அதனால் இங்கேயும் அதே கேள்விதான்.

கிலோவையும் எண்ணாதீர்கள். ‘வாடிக்கையாளர் மொத்தம் எத்தனை கிலோ குறைத்தார்’ என்று போட்டி வைத்த ஒரு டீமை எனக்குத் தெரியும். கடைசி வாரம் பட்டினி போட்டு, தண்ணீரைக் குறைத்து, சுகர் மாத்திரை சாப்பிடுகிற ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றி விழுந்து, பெரிய வம்பாகிப் போனது. கோச் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நாம் சொல்லக்கூடாது, அப்படிச் சொல்லத் தூண்டுகிற போட்டியையும் வைக்கக்கூடாது.

ஏன் மூணாறு, ஊட்டி இல்லையா? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வேண்டும், 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வந்துவிட்டது, சரியாக நாங்கள் கிளம்பும் மாதம். எங்களுக்கு உடுமலை, சின்னார், மறையூர் வழியாக மூணாறு பக்கம்தான். இரவிகுளம் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், மூடிவிடுவார்கள், அதனால் ஏப்ரல் கடைசி. பிள்ளைகளுக்கும் லீவு. மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம், அங்கே எங்கள் கோச்சுகள் எத்தனை கலோரி உள்ளே தள்ளினார்கள் என்பதை இங்கே எழுதினால் கிளப்பை மூட வேண்டியிருக்கும்.

செலவு சொல்கிறேன், இதைத்தான் தோழி முக்கியமாகக் கேட்டாள். ஒன்பது பேர் 30 புள்ளி எடுத்தார்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம், கூட வருகிறவருக்கு 1,500 அவர்களே கட்ட வேண்டும். ஆக 18 பேர், நான் 19. வேன் 28,000. ரூம் ஒன்பது, ஒரு இரவு 1,900 வீதம் இரண்டு இரவு, 34,200. நான் கடைசி நாள் வரை யார் கூடவாவது ஒட்டிக்கொண்டேன். சாப்பாடு 20,000, டிக்கெட், பார்க்கிங் என்று 4,000. மொத்தம் 86,200, அதில் 13,500 கூட வந்தவர்கள் கொடுத்தது, என் கையிலிருந்து 72,700. ஒருவரைத் தாய்லாந்து அனுப்ப ஆகிற 60,000-த்தோடு ஒப்பிட்டால் பன்னிரண்டாயிரம் சொச்சம்தான் கூடுதல்.

கூட ஒருவரை அனுமதித்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. தாய்லாந்தில் வீட்டுக்காரர் எதிராளி. மூணாறில் அவரும் போட்டியாளர். நான்காவது வாரம் ஒரு கோச்சின் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், காலை ஐந்தே காலுக்கு மனைவியின் வாடிக்கையாளர்கள் மூன்று பேரைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து கிளப் வாசலில் இறக்கினார். ‘இந்த வாரம் நாலு நாள் ஆயிருச்சுங்களா அக்கா, போர்டுல போட்டுட்டீங்களா?’ என்று மாடி ஏறி வந்து வெள்ளைப் போர்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் சவாரிக்குப் போனார். இருபது ட்ரெய்னிங் மீட்டிங் போட்டாலும் எனக்குக் கிடைக்காத ஆதரவு அது. முன்பெல்லாம் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தால் ‘எதுக்கு இந்தப் பொழப்பு’ என்று புரண்டு படுத்த ஆள், எட்டு வாரம் எழுந்து டீ போட்டுக் கொடுத்தார் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

ஆனால் ஆபத்தும் இருக்கிறது. எட்டினால் எல்லோருக்கும் என்று வைக்கிற போட்டியில் எல்லோருமே எட்டிவிட்டால்? 1992-ல் இங்கிலாந்தில் ஹூவர் கம்பெனி 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்று அறிவித்தது, ஐரோப்பாவுக்கு முதலில், அப்புறம் அமெரிக்காவுக்கும். ஜனங்கள் டிக்கெட்டுக்காகவே வாக்யூம் கிளீனர் வாங்கிக் குவித்தார்கள், சுமார் 5 கோடி பவுண்டு கைவிட்டுப் போனது, கடைசியில் ஐரோப்பிய வியாபாரத்தையே விற்றார்கள். நான் 14 பேருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு லட்சத்தைத் தாண்டிப் போனது, அவ்வளவு என்னிடம் இல்லை. அதனால் முதல் நாளே விதியில் எழுதினேன்: பத்து பேருக்கு மேல் தகுதி பெற்றால் மூணாறு இரண்டு இரவுக்குப் பதில் வால்பாறை ஒரு இரவு. ஆள் கூடினால் நாள் குறையும், ஆனால் யாரையும் விடமாட்டோம். இதை முன்னாலேயே சொன்னதில் ஒரு முணுமுணுப்பும் இல்லை, பின்னால் சொல்லியிருந்தால் ஷீல்டு கதைதான்.

எட்டாத ஐந்து பேர்? அதில் இரண்டு பேர் உண்மையிலேயே கடையைக் கட்டிவிட்டார்கள். ஒருத்திக்கு 28 புள்ளி, இரண்டே புள்ளியில் தவறியது, மாமனார் இறந்து பத்து நாள் வரமுடியவில்லை. சேர்த்துக்கொள் என்று டீமே சொன்னது. நான் சேர்க்கவில்லை. அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விதியைத் தளர்த்தினால் அடுத்த முறை 26 எடுத்தவள் வந்து நிற்பாள் என்று நினைத்தேன், அதே சமயம் வேன் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று கையசைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த முறை ‘வீட்டில் துக்கம், ஆஸ்பத்திரி என்றால் ஒரு வாரத்துக்கு மூன்று புள்ளி’ என்று விதியிலேயே எழுதிவிட்டேன்.

ஒன்றை மிகைப்படுத்தக்கூடாது. டூர் டீமைக் காப்பாற்றாது. வீட்டிலிருந்தே உடற்பயிற்சி செய்கிற வீடியோக்களை விற்றுப் பெரிய ஆளான அமெரிக்கக் கம்பெனி பீச்பாடி, 2007 வாக்கில் தொடங்கி வாடிக்கையாளர்களையே கோச்சுகளாக்கி, புள்ளி எடுத்தால் ஊர் ஊராக டூர் என்று வருடக்கணக்கில் நடத்தியது. 2024 செப்டம்பர் கடைசியில், கீழ் டீம் விற்பனையில் கமிஷன் தருகிற முறையையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. வாடிக்கையாளருக்கு அந்த ஷேக்கும் பயிற்சியும் தேவைப்படாவிட்டால் கோச்சுக்கு மாலத்தீவே காட்டினாலும் ஒன்றும் நடக்காது. எங்கள் போட்டி முடிந்து இரண்டு மாதத்தில் வருகை கொஞ்சம் இறங்கத்தான் செய்தது, ஆனால் ஜனவரிக்கு முன் இருந்த இடத்துக்குப் போகவில்லை, எட்டு வாரம் தொடர்ந்து வந்தவர்களில் பலருக்கு ஐந்தரை மணி பழகிவிட்டது.

ஆக, 75,000 வைத்திருக்கிற தோழிக்கு: ஏற்கெனவே நன்றாக ஓடுகிற இரண்டு பேரை இன்னும் வேகமாக ஓட வைப்பதுதான் நோக்கம் என்றால் தாய்லாந்து, ஆனால் பாஸ்போர்ட்டையும் வீட்டுச் சம்மதத்தையும் முதலில் கேள். டீம் கடனில் தவிக்கிறது என்றால் பணம், அதையும் ஒரே ஆளுக்குக் கொடுக்காதே. நடுவில் கிடக்கிற பத்து பேரை எழுப்ப வேண்டும் என்றால், நீ போனில் சொன்னது அதுதான், பக்கத்து மலைக்கு எல்லோரையும் குடும்பத்தோடு கூட்டிப்போ. கோயம்புத்தூரில் இருக்கிற உனக்கு வால்பாறையே போதும், போகிற வழியில் அட்டகட்டி மலை வளைவுக்கு வாந்தி மாத்திரை மட்டும் வாங்கி வைத்துக்கொள், எங்கள் வேனில் மறையூர் ஏறுவதற்குள் நான்கு பேர் வாந்தி.

எங்கள் அடுத்த போட்டிக்கான தாளைப் போன வாரம் போர்டில் ஒட்டினேன். மசி காயும் முன்னே போன முறை மூணாறு வந்த ஒரு கோச் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள், ‘அக்கா, இந்தவாட்டி அவருக்குப் பதிலா மாமியாரைக் கூட்டிட்டு வரலாங்களா? அவங்களே கேட்கச் சொன்னாங்க.’ வரலாம் என்றேன். 1,500 மாமியாரே கட்டுவாராம்.